அறிவிப்பாளர் யார்?

(உலகச் செய்திகளை அணுகும் முறை குறித்தும், இதழியல் கல்வியின் தேவை குறித்தும் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

   



இங்கே இருப்பவர்களில் பலர் வணிகர்கள். கடைக்கு அரிசி லோடு வந்தால் என்ன செய்கிறீர்கள்? மூட்டையில் குத்தூசியைப் போட்டு, நாலு அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறீர்கள். எந்த மில், எந்த ரகம், பழசா புதுசா என்று கேட்கிறீர்கள். லாரி வாடகையைச் சரிபார்க்கிறீர்கள். இத்தனையும் ஒரு மூட்டை அரிசிக்கு! ஆனால் ஒரு நாட்டையே கொலைகார நாடு என்று சொல்லும் செய்தி வந்தால், ஒரு சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் செய்தி வந்தால், குத்தூசி எங்கே போகிறது? படித்த வேகத்தில் நம்புகிறோம். நம்பிய வேகத்தில் நாற்பது பேருக்கு அனுப்புகிறோம்.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் 49:6 வசனத்தில் காண்கிறோம். காதில் விழுந்ததையெல்லாம் பரப்புகிறவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொய்யன் என்ற வரிசையிலேயே வைத்தார்கள். இமாம் முஸ்லிம் தமது தொகுப்பின் முன்னுரையில் இந்த எச்சரிக்கையைப் பதிவு செய்துள்ளார்கள்.

நம் மதரஸாக்களில் ஏழாண்டு ஓதுகிற மாணவன் ஒரு கலையைக் கற்கிறான். அதுதான் அறிவிப்பாளர்களை எடைபோடும் கலை. இன்றைய உலகச் செய்திகளைப் படிப்பதற்கு அதைவிடக் கூர்மையான கருவி இல்லை. ஆனால் அதைக் கிதாபுகளுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறோம் என்பதுதான் வேதனை!

நான்கு கேள்விகள்

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தி வந்ததும் முதலில் கேட்பது, "என்ன சொன்னார்?" என்பதை அல்ல; "யார் சொன்னார்?" என்பதைத்தான். இவர் யாரிடம் கேட்டார்? அவரை நேரில் சந்தித்தாரா? இடையில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா? இப்படி ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்ப்பார்கள். தஹபீயின் மீஸானுல் இஃதிதால், இப்னு ஹஜரின் தஹ்தீபுத் தஹ்தீப் போன்ற நூல்கள் இதற்காகவே பிறந்தவை. ஒவ்வோர் அறிவிப்பாளரும் எப்படிப்பட்டவர், அவருடைய நினைவாற்றல் எப்படி, எவரிடம் பாடம் கேட்டார் என்பதைப் பற்றிய பதிவேடுகள் அவை.

அவர்களுடைய கேள்விகளை எளிமையாக நான்காகச் சொல்லலாம்.

ஒன்று: அறிவிப்பவர் யார் என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் அவர் "மஜ்ஹூல்".

இரண்டு: தொடர் அறுபடாமல் இருக்கிறதா?

மூன்று: அவர் நம்பகமானவரா? அவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. நினைவாற்றலும் கவனமும் வேண்டும்.

நான்கு: பல வழிகளில் வந்திருப்பதாகத் தோன்றும் செய்தி உண்மையில் ஒரே மனிதரிடம் போய் முடிகிறதா?

இந்த நான்கையும் வைத்துச் சில செய்திகளை உரசிப் பார்ப்போம்.

பெயர் மறைத்த சாட்சி

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. நம் ஊர்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள் கட்டிய துணியோடு ஜோர்டான் வழியாக ஊர் திரும்பிய காலம் அது. அந்த ஆக்கிரமிப்பு உண்மை. அங்கே கொடுமைகள் நடந்ததும் உண்மை. அதில் எவருக்கும் ஐயம் வேண்டாம்.

அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன்பு 15 வயதுப் பெண் ஒருத்தி கண்ணீரோடு சாட்சி சொன்னாள். நயீரா என்ற பெயரைத் தவிர வேறு எந்த விவரமும் உலகத்துக்குச் சொல்லப்படவில்லை. குவைத் மருத்துவமனையில் தான் உதவியாளராக இருந்ததாகவும், ஈராக் சிப்பாய்கள் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டர் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டதைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னாள். அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் இந்தக் கதையை மேடைக்கு மேடை சொன்னார். போருக்கு ஆதரவாகப் பேசிய செனட்டர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1991 ஜனவரி 12 அன்று அமெரிக்க செனட் போருக்கு அனுமதி கொடுத்தது. ஆதரவாக 52 வாக்குகள், எதிராக 47 வாக்குகள். வித்தியாசம் வெறும் ஐந்து!

போர் முடிந்த பிறகு குவைத் மருத்துவமனைகளுக்கே சென்று விசாரித்த நிருபர்களால் அந்தக் கதைக்கு ஆதாரம் காண முடியவில்லை. முதலில் அதை ஏற்றுக்கொண்டிருந்த ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பும் பின்வாங்கியது. 1992 ஜனவரியில் ஜான் மக்ஆர்தர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் உண்மையை வெளியிட்டார். அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள்! ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பர நிறுவனம் குவைத் தரப்புக்காகக் கூலி பெற்று நடத்திய பிரசாரத்தின் ஒரு பகுதிதான் அந்தச் சாட்சியம்.

ஹதீஸ் கலையின் முதல் கேள்வியை மட்டும் அன்றைக்கே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அறிவிப்பாளர் யார்?" இந்த ஒரு கேள்வி போதும். கதை அங்கேயே நின்றிருக்கும்.

ஒரே வாய், பல காது

நான்காவது கேள்விக்கு வருவோம். 2002 செப்டம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. ஈராக் சிறப்பு வகை அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றது, அவை அணு ஆயுதத்துக்காக யுரேனியம் செறிவூட்டும் கருவிகளுக்கானவை என்றது. சொன்னவர்கள் யார்? பெயர் வெளியிடாத அமெரிக்க அரசு அதிகாரிகள்!

அன்றைக்கே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றினார். ஈராக் விஷயத்துக்கு எதை எடுத்துக்காட்டினார்? அன்று காலை வந்த நியூயார்க் டைம்ஸ் செய்தியை!

கவனியுங்கள் சகோதரர்களே! அரசாங்கம் பத்திரிகையின் காதில் சொல்கிறது. பத்திரிகை அச்சிடுகிறது. அதே அரசாங்கம் அந்தப் பத்திரிகையைக் காட்டி, "பாருங்கள், பத்திரிகையே சொல்கிறது" என்கிறது. கேட்பவனுக்கு இரண்டு சாட்சிகள் போலத் தெரிகிறது. ஆனால் வாய் ஒன்றுதான். அந்தக் குழாய்கள் சாதாரண ராக்கெட்டுகளுக்கானவையாக இருக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர்களே கருதினார்கள். அந்தக் குரல் முதல் பக்கத்துக்கு வரவில்லை.

2003 பிப்ரவரி 5ஆம் தேதி காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஈராக்கின் நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்களைப் பற்றிப் பேசினார். அதற்கு முக்கிய ஆதாரம் "கர்வ்பால்" என்ற மறைபெயர் கொண்ட ஒரு தனி மனிதர். ஜெர்மனியில் தஞ்சம் புகுந்திருந்த அவரை, போருக்கு முன்பு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. நேரில் விசாரிக்கவே இல்லை. தொடர் அறுந்த செய்தி! 2011ஆம் ஆண்டில் அந்த மனிதரே தாம் சொன்னது கட்டுக்கதை என்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் 2003 மார்ச்சிலேயே போர் தொடங்கிவிட்டது. 2004இல் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் ஈராக்கில் இல்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு மே 26 அன்று நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லாமல் போனதை ஒப்புக்கொண்டு வாசகர்களுக்குக் குறிப்பு வெளியிட்டது. இடிந்த வீடுகளையும் இறந்த உயிர்களையும் அந்தக் குறிப்பு திருப்பித் தந்துவிடுமா?

"மேற்கத்திய மீடியா எல்லாம் பொய்" என்று சொல்லலாமா?

இதையெல்லாம் கேட்டதும் இளைஞர்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள். "மேற்கத்திய மீடியா என்றாலே பொய்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். அது சோம்பேறியின் முடிவு! அதுவும் விசாரிக்காமல் சொல்லும் தீர்ப்புதான்.

இன்குபேட்டர் கதையை உடைத்தவர் யார்? அமெரிக்கப் பத்திரிகையாளர். 2002, 2003ஆம் ஆண்டுகளில் எல்லோரும் போர் முழக்கம் செய்தபோது, ஈராக் குறித்த ஆதாரங்கள் பலவீனமானவை என்று எழுதியவர்கள் யார்? நைட் ரிடர் பத்திரிகைக் குழுமத்தின் ஜோனதன் லேண்டே, வாரன் ஸ்ட்ரோபெல். அவர்கள் அமைச்சர்களின் பேட்டிக்காகக் காத்திருக்கவில்லை. கீழ்மட்டத்தில் கோப்புகளைப் பார்க்கும் வல்லுநர்களைத் தேடிப் போனார்கள். 2004இல் அபூகுரைப் சிறைக் கொடுமைகளை உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவரான சீமோர் ஹெர்ஷும் அமெரிக்கரே. எனவே நாட்டையும் மதத்தையும் பார்த்து ஒதுக்காதீர்கள். அறிவிப்பாளரை ஆளாளாகப் பாருங்கள்.

நமக்குப் பிடித்த பொய்

இனி குத்தூசியை நம் வீட்டு மூட்டைக்கும் போடுவோம்.

நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையைக் கேட்காதவர் இங்கே உண்டா? எத்தனை மேடைகளில், எத்தனை துண்டுப் பிரசுரங்களில் வந்தது! நிலவில் காற்றே இல்லை. காற்றில்லாத இடத்தில் ஓசை எப்படி வரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் அதை மறுத்தார். 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளிலிருந்த தன் தூதரகங்களுக்கு இதை மறுத்துத் தகவல் அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அதற்குப் பிறகும் கதை நடந்துகொண்டுதான் இருந்தது.

ஏன்? இனிப்பாக இருந்தது, அதனால் யாரும் சோதிக்கவில்லை. "ஒரு ஹஜ்ரத் சொன்னார்", "ஐந்து வேளையும் தொழுகிற ஒரு பெரியவர் அனுப்பினார்" என்பது ஆதாரம் ஆகாது. நினைவாற்றல் குறைந்த வணக்கசாலிகளிடமிருந்து நம் இமாம்கள் ஹதீஸைக்கூட ஏற்கவில்லை. அவர்களுடைய பக்தியை மதித்தார்கள், துஆச் செய்யச் சொன்னார்கள். ஆனால் அறிவிப்பை ஏற்கவில்லை! சத்தியத்துக்குப் பொய்யின் முட்டுக்கொடுப்பு தேவையில்லை சகோதரர்களே.

பொய்ப் படமும் மெய்ச் செய்தியும்

நான் சொல்வதில் மிக முக்கியமானது இதுதான். செய்தியைச் சோதிக்காமல் பரப்பினால் நமக்கு அவமானம் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவனுக்கே துரோகம்.

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில் ராணுவம் நடத்திய வெறியாட்டத்தில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். உலகமெங்கும் முஸ்லிம்கள் துடித்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று துருக்கியின் துணைப் பிரதமர் மெஹ்மெத் ஷிம்ஷெக் சமூக ஊடகத்தில் நான்கு படங்களை வெளியிட்டார். நோக்கம் அனுதாபம்தான். ஆனால் அவற்றில் ஒன்று 1994இல் ருவாண்டாவில் எடுத்தது. இன்னொன்று 2003இல் இந்தோனேசியாவின் ஆச்சேயில் எடுத்தது. தவறு வெளியானதும் அவர் படங்களை நீக்கிவிட்டார்.

ஆனால் எதிரில் இருப்பவர்கள் காத்திருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் துருக்கி அதிபர் எர்துகான் தொலைபேசியில் பேசியபோது, ஆங் சான் சூச்சி அந்தப் போலிப் படங்களையே எடுத்துக்காட்டினார். மாபெரும் பொய்ப் பிரசாரத்தின் ஒரு நுனி இது என்ற பொருளில் அவருடைய அலுவலகம் அறிக்கை விட்டது. உண்மையான பிணங்கள் கிடக்கும்போதே, நாம் அனுப்பிய பொய்ப் படத்தைக் காட்டி அவற்றை மறைத்துவிட்டார்கள்!

அதே மாதத்தில் வேறொன்றும் நடந்தது. செப்டம்பர் 2 அன்று இன் டின் என்ற கிராமத்தில் பத்து ரோஹிங்கியா ஆண்கள் கட்டிப் போடப்பட்டுக் கொல்லப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் வா லோன், கியாவ் சோ ஊ என்ற இரண்டு இளம் நிருபர்கள் இதைத் தேடிப் போனார்கள். இருவரும் பௌத்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அந்தப் பத்துப் பேர் மண்டியிட்டிருக்கும் படமும், குழிக்குள் கிடக்கும் படமும் கிடைத்தன. பௌத்தக் கிராமத்தார் பேசினார்கள். ஒவ்வொரு பெயரும் உறுதி செய்யப்பட்டது. ஒவ்வொரு கண்ணியும் இறுகக் கட்டப்பட்டது.

2017 டிசம்பர் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டார்கள். போலீசாரே அழைத்துக் கையில் காகிதங்களைக் கொடுத்து, வெளியே வந்ததும் பிடித்தார்கள். இது திட்டமிட்ட பொறி என்று ஒரு போலீஸ் அதிகாரியே பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார். இருவருக்கும் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 500 நாட்களுக்கு மேல் சிறையில் கழித்து, 2019 மே 7 அன்று வெளியே வந்தார்கள்.

ஆனால் அவர்கள் திரட்டியது வீண்போகவில்லை. 2018 ஜனவரி 10 அன்று, எல்லாவற்றையும் மறுத்துவந்த மியான்மர் ராணுவம், இன் டின் கிராமத்தில் தன் சிப்பாய்களும் கிராமத்தாரும் அந்தப் பத்துப் பேரைக் கொன்றதாக ஒப்புக்கொண்டது. பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் முழுச் செய்தியையும் வெளியிட்டது.

எடைபோட்டுப் பாருங்கள்! கோடிக்கணக்கான கைபேசிகளில் சுற்றிய அனுதாபப் படங்களால் ராணுவத்தின் வாயிலிருந்து ஓர் ஒப்புதலையும் வாங்க முடியவில்லை. முறையாகப் பயின்ற இரண்டு நிருபர்களால் முடிந்தது. மஜ்லூமுக்கு உதவி செய்தவர் யார்? நீங்களே தீர்ப்பளியுங்கள்.

நம் பிள்ளைகள் எங்கே?

2020இல் கொரோனா பரவத் தொடங்கியபோது டெல்லி நிஜாமுத்தீன் தப்லீக் மர்கஸைக் காரணமாக வைத்து ஒரு சமுதாயத்தையே நோய் பரப்புவோர் என்று சித்திரித்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் பயணிகள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. ஊடகங்களில் நடந்த பிரசாரத்தைக் கண்டித்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தையும் சொன்னது. பழி மார்ச்சில் வந்தது. பதில் ஆகஸ்டில் வந்தது! இடைப்பட்ட மாதங்களில் செய்தி அறைகளுக்குள் உட்கார்ந்து, "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்க எத்தனை பேர் இருந்தார்கள்?

பிள்ளை டாக்டராக வேண்டும், என்ஜினீயராக வேண்டும், இல்லாவிட்டால் சபுராளியாகப் போக வேண்டும். நம் வீடுகளில் இதற்கு மேல் பட்டியல் இல்லை. மகனோ மகளோ பத்திரிகைத் துறைக்குப் போகிறேன் என்றால், "அதில் என்ன சம்பளம் வரும்?" என்று வாயை அடைத்துவிடுகிறோம். பிறகு பத்திரிகைகள் நம்மைப் பற்றித் தவறாக எழுதுகின்றன என்று கூட்டம் போட்டுக் கண்டிக்கிறோம். விதைக்காத வயலில் விளைச்சல் கேட்கலாமா?

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. 1882இலேயே இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை "முஸ்லிம் நேசன்" என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்த அரபி பாஷா மறு ஆண்டின் தொடக்கத்தில் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கிய காலம் அது. உலகச் செய்தியின் தேவையை அந்தத் தலைமுறை உணர்ந்திருந்தது. தஞ்சை மண்ணில் பா. தாவூத்ஷா "தாருல் இஸ்லாம்" நடத்தினார். வசதிகள் குறைவாக இருந்த காலத்தில் அவர்கள் செய்ததை, எல்லாம் இருக்கும் காலத்தில் நாம் செய்யவில்லை.

இதழியல் படிப்பு என்றால் மைக்கைப் பிடித்துக் கத்துவது அல்ல. செய்தி நிறுவனம் அனுப்பியதை எப்படி வாசிப்பது, அதில் எது நடந்தது, எது ஒரு தரப்பின் கூற்று என்று பிரிப்பது எப்படி, எதிர்த்தரப்பிடமும் விளக்கம் கேட்பது எப்படி, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி அரசுக் கோப்புகளைப் பெறுவது எப்படி, அவதூறுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் பழக்கும் கல்வி அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. சென்னையில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது. டெல்லியில் 1965இல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனமும், ஜாமியா மில்லியாவில் 1982இல் தொடங்கிய மக்கள் தொடர்பியல் ஆய்வு மையமும் இருக்கின்றன. முதுநிலைப் படிப்புகள் பலவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பெண் பிள்ளைகளும் படிக்கட்டும். பாதிக்கப்பட்ட பெண்கள் மனம் திறந்து பேச ஒரு பெண் நிருபர் தேவைப்படும் இடங்கள் ஏராளம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தரப்புக்கு வக்காலத்து வாங்கவா அங்கே போகிறீர்கள்? இல்லை! அதற்குப் போனால் நீங்களும் இன்னொரு விளம்பர நிறுவனம்தான். நம்மவன் தவறு செய்தாலும் எழுதுகிற நேர்மையோடு போங்கள். அப்போதுதான், நம்மவனுக்கு அநீதி நடந்தது என்று நீங்கள் எழுதும்போது உலகம் நம்பும்.

வணிகர்களுக்கு

உலகச் செய்தி நமக்கு எதற்கு என்று நினைக்கிற வியாபாரிகள் உண்டு. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் பாதையை அடைத்தது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்குப் போகிற சரக்குக் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவையே சுற்றிப் போயின. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பொருள் ஏற்றுமதி செய்பவரைக் கேளுங்கள், ஐரோப்பாவுக்குப் போகும் கன்டெய்னர் சுற்றிப் போனால் என்ன ஆகும் என்று சொல்வார். உலகச் செய்தி உங்கள் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது.

எனவே ஊருக்கு ஒரு மாணவர் என்று தேர்ந்தெடுங்கள். அவருடைய படிப்புச் செலவை நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நூலகத்தில் இரண்டு நாளிதழ்களாவது வாங்கிப் போடுங்கள். அவை ஒரே கருத்துடையவையாக இருக்க வேண்டாம். வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு இளைஞர்கள் உட்கார்ந்து ஒரே செய்தியை இரண்டிலும் படித்து, நான் சொன்ன நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். யார் சொன்னார்? எங்கிருந்து சொன்னார்? எந்தத் தரப்பின் குரல் இதில் இல்லை? பத்துப் பத்திரிகைகளில் வந்திருக்கிறதே, அத்தனைக்கும் மூலம் ஒன்றா, பலவா?

விடை கிடைக்காத செய்தியை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். நிறுத்தி வையுங்கள். ஹதீஸ் கலையில் அதற்கும் இடம் உண்டு. நாளை மறுமையில் நம் நாவுக்கும் விரலுக்கும் கணக்குக் கேட்கப்படும் என்று நம்புகிறவர்கள் நாம். கேட்ட செய்தியை நிறுத்தத் தெரிந்த சமுதாயத்தைத்தான், அது பேசும்போது உலகம் காது கொடுத்துக் கேட்கும்.

அப்படிப்பட்ட சமுதாயமாக நம்மை ஆக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!